திரும்பி வருவதற்கான எண்ணெய்

என் கணவருக்கு என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு அறுபதுகளில் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. "கப்பல்ல இருக்காங்க" என்று முடித்துவிடுவேன். கப்பல் மேலேயே போர் விமானங்கள் ஏறி இறங்கும், எவ்வளவு எரிபொருள் போட்டால் எவ்வளவு தூரம் போய்த் திரும்பலாம் என்று திட்டம் போட்டுக் கொடுப்பவர்களில் இவரும் ஒருவர் என்றெல்லாம் விளக்கினால் பொன்னமராவதிச் சந்தையில் யார் நம்புவார்கள்? கல்யாணமான புதிதில் நானே நம்பவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஆள் மட்டும் வந்தால் பரவாயில்லை, வேலையையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவார். ஜெட் விமானம் குடிப்பதும் ஒருவகை மண்ணெண்ணெய்தான் என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து என் ஸ்டவ்வும் அவர் அதிகாரத்தின்கீழ் வந்துவிட்டது. அரிசியைக் களைந்து வைத்துக்கொண்டுதான் பற்றவைக்க வேண்டுமாம். பற்றவைத்துவிட்டு அரிசி களைந்தால் வீணாம்.

"விமானத்த எஞ்சின் ஓட ஓட தளத்துல நிக்க விட்டா, கெளம்புறதுக்கு முன்னாடியே எண்ணெய் கொறஞ்சு போயிரும். அது மாதிரிதான் இதுவும்" என்பார். வெந்நீர்கூட வைத்துப் பழக்கமில்லாத மனிதர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு லீவைப் பற்றி. கொச்சியில் குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். "வேலைய விட்டுரு" என்றார். பாயைச் சுருட்டி வை என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

இதற்கு முன்னாலும் ஒருமுறை இப்படிச் சொல்லியிருக்கிறார். அப்போது நான் விராலிமலைப் பக்கம், என் அம்மா வீட்டிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் பேச்சை நம்பி வேலையை விட்டேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு, பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருந்த மாமனார் வீட்டுக்கு வந்து காத்திருந்தேன். வருகிறேன் என்று சொன்ன தேதி போனது. அடுத்த மாதமும் போனது. அப்புறம் ஒரு கடிதம்: கப்பல் கடலுக்குப் போய்விட்டது, பொறுத்திரு. கப்பல் போகிற இடத்தையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது, அது எனக்குப் புரியாமல் இல்லை. கரைக்குத் திரும்பி வந்த பிறகாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே? எழுதவில்லை.

அந்த ஒரு வருடம் மாமனார் வீட்டு மூலையில் கிடந்தேன். சோப்புக் கட்டிக்குக்கூட மாமனார் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "கட்டுனவனே கூட்டிட்டுப் போகல, நான் வச்சுக் காப்பாத்துறேன்" என்று என் காதில் விழும்படியே சொல்வார். அலையாத இடமெல்லாம் அலைந்துதான் பொன்னமராவதியில் இந்தப் பள்ளிக்கூட வேலையைப் பிடித்தேன். இதுவும் போனால் எனக்கு மறுபடியும் அந்த மூலைதான்.

ஒரு சாயங்காலம் மாமனார் வெளியே போய்விட்டு வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பள்ளிக்கூட மேனேஜரப் பாத்துட்டு வாரேன். மருமக அடுத்த மாசத்துலேர்ந்து வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கணவரைப் பார்த்தேன். அவர் முற்றத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, என் கோலமாவை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். தன் வேலை எவ்வளவு பெரிய வேலை என்று அப்பாவுக்குக் காட்ட வேண்டுமாம்.

"ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கு" என்றார் மாமனார்.

"கட்டம் இல்லப்பா. இது கப்பல். இங்கேருந்து விமானம் கெளம்புது. அது போயிட்டு வர்றதுக்குள்ள கப்பல் அங்கிட்டு நகந்து போயிரும். கெளம்புன எடத்துக்கே திரும்பி வந்தா வெறும் தண்ணிதான் இருக்கும். அதனால, வர்றப்ப கப்பல் எங்க இருக்கும்னு பைலட்டுக்கு முன்னாடியே சொல்லிருவோம்."

போவதற்கு, வருவதற்கு, எதிர்க்காற்று அடித்தால் அதற்கு, மற்ற விமானங்கள் இறங்கி முடிகிறவரை மேலே சுற்றிக்கொண்டிருப்பதற்கு, இறங்கும்போது விமானத்தை இழுத்து நிறுத்தும் தளத்துக் கம்பியில் கொக்கி மாட்டாமல் போய்விட்டால் திரும்ப ஒரு சுற்று வருவதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிட்டிகை மாவு வைத்தார். தாழப் பறந்தால் அதிகம் குடிக்கும், உயரப் போனால் சிக்கனம் என்றார். அழகாகத்தான் பேசினார், அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அடுப்படி வாசலில் நின்றபடி கேட்டேன்: "சொன்ன எடத்துல கப்பல் இல்லாட்டி?"

பெண்டாட்டிக்கு ஒருவழியாக அக்கறை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அதுக்குத்தான் கரையில ஒரு எறங்குற எடம் பாத்து வச்சிருப்போம். ஆனா அங்க போய்ச் சேர்ற அளவுக்கு எண்ணெய் இருக்கையிலயே பைலட் முடிவு பண்ணிறணும். இன்னுங் கொஞ்சம் தேடிப் பாப்போம்னு சுத்திக்கிட்டே இருந்தா, கப்பலும் இல்ல, கரையும் இல்ல."

"எனக்கு அந்தக் கரை பள்ளிக்கூடம். நான் வேலைய விடமாட்டேன்."

மாமனார்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஆம்பளைக பேசுற எடத்துல ஒனக்கு என்ன பேச்சு?"

கணவரின் முகம் கறுத்துவிட்டது. "நடுக்கடல்ல கரை ஏது? கரையே இல்லாமலும்தான் அனுப்புவோம். பைலட் கப்பல நம்பித்தான் போவான்."

"அப்படி நம்பிப் போனவனுக்குக் கப்பல் சொன்ன எடத்துக்கு வரும்ல? நீங்க வந்தீங்களா?"

அவர் போட்ட கோட்டையெல்லாம் காலாலேயே அழித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாளைக்கு முற்றம் முழுக்க எறும்பு.

மறுநாள் மேனேஜரிடம் போய் நான் வேலையை விடவில்லை என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வீட்டு ஆம்பளை வந்து சொன்னத வீட்டு ஆம்பளைதான் வந்து மாத்திச் சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லச் சொல்லுங்க. வேற ஆளு கேட்டுக்கிட்டு இருக்காங்க."

படித்து, சர்டிபிகேட் வாங்கி, பாடம் நடத்துவது நான். என் வேலையில் நான் இருக்கிறேன் என்று சொல்ல ஒரு மீசை வரவேண்டும். வழியெல்லாம் மேனேஜரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் நேராகவே சொன்னேன். கெஞ்சவில்லை. "நாளைக்கு என்கூட பள்ளிக்கூடத்துக்கு வரணும். நான் வேலையில இருப்பேன்னு சொல்லணும்."

"அப்பா சொன்னத நான் போய் மாத்திச் சொல்றதா?"

"வேலைய விடணும்னு மொதல்ல சொன்னது நீங்கதான். உங்க அப்பா அதத்தான் போய்ச் சொல்லிட்டு வந்திருக்காங்க."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். காலையில் பார்த்தால் எனக்கு முன்னால் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார். மாமனார் வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேனேஜரிடம் ஒரே வரிதான் சொன்னார்: "அவங்க வேலையில தொடருவாங்க." காபி கொடுத்தார்கள். குடிக்காமலே எழுந்து வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கரையில எறங்குன விமானத்துக்காகக் கப்பல் நிக்காது. அது பாட்டுக்குப் போயிரும்."

"நின்னது எப்போ?" என்றேன்.

அந்தப் பதிலில் எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு திருப்தி. அடுத்த வாரம் லீவு முடிவதற்கு முன்னாலேயே அவர் புறப்பட்டுப் போனார். நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு மாமனார் வீட்டை விட்டு வந்தேன். அதற்குப் பிறகும் வருடா வருடம் வருவார். என் அறையில் இரண்டு நாள் தங்குவார், போட்டதைச் சாப்பிடுவார், செய்தித்தாள் படிப்பார், போவார். சண்டைகூடக் கிடையாது. வேலையை விடு என்று அவர் மறுபடி சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு முறை, கோடை லீவுக்கு வந்து இருந்துவிட்டுப் போ என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். கரையில் இறங்கின விமானம் எண்ணெய் போட்டுக்கொண்டு மறுபடியும் கப்பலுக்கே பறக்கலாம். அது அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். கப்பல் எங்கே இருக்கிறது என்றுதான் அவர் கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.