கழுத்துக்குப் போன செல்

பகல் இரண்டேகால். கஹவத்தை பஸ்ஸில் ஏறியதும், பக்கத்து இருக்கைப் பெண்ணின் வீங்கிய கன்னமே முதலில் தெரிந்தது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வாயில கேன்சருங்க. 'நகரு, நகரு'ன்னு உள்ளுக்குள்ள சிக்னல் நிக்காம அடிச்சா, கேன்சர் செல்லு பக்கத்துச் செல்லோட பிடிய விட்டுட்டுக் கெளம்பிருமாம். டொக்டர் சொன்னாரு."

"முன்னாலேயே காட்டியிருக்கலாமே?" என்றேன்.

"தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா துண்டுச் சீட்டு எழுதித் தந்தாத்தானே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்? எட்டு மாசமா வலி மாத்திரதான் தந்தாரு. வாய்ப்புண்ணாம்!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "எனக்குத்தாங்க துண்டு வேணும். அந்தச் செல்லு எவன்கிட்ட துண்டு வாங்கிக்கிட்டுக் கழுத்துக்குப் போச்சு?"

நுரையீரலுக்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேனுக்கு, அவர் கையிலிருந்த அட்டையில் மூன்று மாதம் கழித்துத் திகதி போட்டிருந்தது.