மனைவியின் குரலை நானே அழித்தேன்

போன மாசியில், மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டல் புல்வெளியில் நடந்தது இது.

என் மனைவி செங்கல்பட்டில் பெண் பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷனில் குரல் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் அதற்கு முந்தைய வாரம், ஃபேனைக்கூட நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பதினோரு நடனங்களுக்கும் ஜதி சொன்னாள். பதிவு செய்தது நான்தான். டாக்டர் பயந்தபடியே ஆயிற்று. இப்போது அவளுக்கு வருவது காற்று மாதிரி ஒரு கிசுகிசுப்பு மட்டும். லேப்டாப்பில் மட்டுமே இருந்த அந்தப் பழைய குரலுக்குத்தான் பிள்ளைகள் ஆடினார்கள்.

எந்த நடனத்துக்கு எந்தப் பதிவு, எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று வரிசைப்படுத்த ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். பழைய லேப்டாப் அடிக்கடி நின்றுபோனதால், மாமல்லபுரம் நடன நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் புதிது வாங்கப் போனேன். கடையிலேயே நடனக் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டன. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புதியதில் திறந்தேன், பதினோரு பெயர்களும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றைக்கூட ஓட்டிப் பார்க்கவில்லை. பழையதை முழுக்க அழித்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் மேடையில் தயாராக நின்றார்கள். பொத்தானை அழுத்தினேன். சத்தமே இல்லை. திரையில் ஒவ்வொரு நடனத்துக்கு எதிரிலும், ஆடியோ கிடைக்கவில்லை என்று சிவப்பில் வந்தது. நான் கொண்டு வந்தது வெறும் வரிசைப் பட்டியல். குரலையும் சேர்த்துக் கட்டி அனுப்ப அதே மென்பொருளில் ‘பேக்கேஜ்’ என்று தனியாக ஒன்று இருந்திருக்கிறது.

ஒரு பிள்ளையின் அப்பா ஓடி வந்தார். “இன்னா சார், கொயந்தைங்க எவ்ளோ நேரம் நின்னுகினு இருக்கும்? பழைய லேப்டாப்ல கீதுல்ல, யாரையாச்சும் எடுத்தாரச் சொல்லு சார்!”

“இல்ல சார், அதுல இருந்தத நானே அழிச்சிட்டேன்” என்றேன். மனைவி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வகுப்புப் பையிலிருந்து தட்டுக்கழியையும் கட்டையையும் எடுத்து, மேடையோரம் உட்கார்ந்து தாளம் தட்ட ஆரம்பித்தாள். சொல்லில்லாத தாளத்துக்குப் பிள்ளைகள் தடுமாறித் தடுமாறி ஆடினார்கள். ஒருத்தி நடுவில் நின்று அழுதுவிட்டாள். அமைப்பாளர் வந்து, “போதும் மேடம், அடுத்த டீம் வெயிட் பண்ணிகினு கீது” என்றார். அவள் கழியைக் கீழே வைத்தாள்.

விடிந்ததும் கடைக்கு ஓடினேன். பழைய லேப்டாப்பில் வேறு ஏதேதோ ஏற்றிவிட்டிருந்தார்கள். அதைத் திரும்ப வாங்கி, அழிந்ததை மீட்பவர்களிடம் சென்னைக்கு எடுத்துப் போனேன். ஒன்றும் தேறவில்லை. பெற்றோர்கள் எல்லோரிடமும் கேட்டதில் ஒரு அம்மாவின் போனில் சின்ன வீடியோ கிடைத்தது. சலங்கைச் சத்தத்துக்கும் ஆட்டோ ஹாரனுக்கும் பின்னால், தூரத்தில் என் மனைவியின் குரல். அதை ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் திட்டுவதற்கே குரல் இல்லாதவளின் மௌனத்தை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் வரவில்லை.