ஆள்காட்டி மகன் பார்த்த லண்டன்

லண்டனுக்குப் போய் உளவாளிகள் நடந்த இடங்களைச் சுற்றிப் பார்த்து வந்தவன் என்று எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் இன்னமும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். அரண்மனையைப் பார்த்தீங்களா, பெரிய ராட்டினத்தில் ஏறினீங்களா என்று ஆசையாகக் கேட்டவர்களிடம், "ஒரு பூங்கா பெஞ்சும் ஒரு விளக்குக் கம்பமும் பார்த்தேன்" என்று சொன்னால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று அவர்களிடம் சொன்னதில்லை.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்காகப் போயிருந்தேன். விழா முடிந்தது. அவள் வேலைக்குப் போய்விட்டாள். என்னைத் தனியாக வெளியே விட அவளுக்குப் பயம். சின்ன வயதில் நான் அவளைப் பூட்டி வைத்துவிட்டு டியூஷன் எடுக்கப் போனதற்குப் பழி வாங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் போன் செய்தான்.

அவன் எங்கள் ஊர்க்காரன், லண்டனில் வந்து குடியேறியவன். வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது ஊர். அவர்கள் வீடு பெரிய வீடு. கரும்பும் நெல்லும் இரண்டு பம்ப்செட்டும் இருந்தன. நாங்கள் காலனி. அப்பாவும் அம்மாவும் அவர்கள் நிலத்தில்தான் கூலி வேலை செய்தார்கள். ஆனால் அவனும் நானும் கள்ளக்குறிச்சியில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. அவன் துப்பறியும் நாவல் எடுப்பான். நான் முதலில் வாங்கிப் படித்துவிட்டுக் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவேன். அடிக்க வருவான். பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வருவோம், ஊர் எல்லை வந்ததும் நான் எழுந்து பின்னால் போய் நின்றுகொள்வேன். யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டு பேருக்கும் அது பழகியிருந்தது.

"டேய், நாம படிச்ச கதையெல்லாம் நெசமா நடந்த எடத்த காட்றாங்கடா" என்றான். "நம்ம ரெண்டு பேருக்குன்னு தனியா ஒரு கைடு. நாளு பூரா சுத்தலாம். வரியா?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவன், யாரிடமோ என் நம்பரை வாங்கி, நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுவதுபோல் பேசினான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வருகிறேன் என்றேன். அந்த வீட்டு ஆளிடம் கேட்க ஒரு கேள்வி இருந்தது. அது அப்பாவின் கேள்வி. எண்பது தாண்டி, தியாகதுருகத்தில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பேரப்பிள்ளைகள் பேரைக்கூட மாற்றிக் கூப்பிடுகிற அப்பா, அந்த ஒன்றை மட்டும் மறக்கவில்லை. தான் காட்டிக் கொடுக்கவில்லை என்று அந்த வீட்டார் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

வழிகாட்டி நரைத்த தலையுள்ள ஓர் உயரமான பெண்மணி. உளவாளி என்றால் கூட்டத்தில் அடையாளம் தெரியக் கூடாது என்று சொல்லிக்கொண்டே, நாங்கள் தொலைந்து போகாமலிருக்க ஒரு சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு பெஞ்சைக் காட்டி, இதன் அடியில்தான் படச்சுருளை ஒட்டி வைப்பார்கள் என்றார். ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டி, இதில் சாக்பீஸால் கோடு போட்டால் பொருள் வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். எங்கள் ஊரில் கம்பத்தில் கோடு போட்டால் சாயங்காலத்துக்குள் அதன்மேல் நாலு பேர் கட்சிச் சின்னம் வரைந்துவிடுவார்கள் என்று நான் சொன்னதை அவன் அந்த அம்மாவுக்கு மொழிபெயர்த்தான். மூன்று பேரும் சிரித்தோம். அவனோடு சிரிக்கிறேனே என்று உடனே எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

காட்டிக் கொடுத்தவன் என்ற சொல் அந்த அம்மாவின் வாயில் அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறையும் அவன் தரையைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

நாங்கள் பிளஸ் டூ படித்த வருஷம். இடஒதுக்கீடு கேட்டு அவன் சாதி ஆட்கள் சாலை மறியலில் இறங்கியிருந்தார்கள். கள்ளக்குறிச்சி ரோட்டில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. நாங்கள் காலனியில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். கேட்டது நியாயமா என்ற வழக்குக்குள் நான் இப்போது போகவில்லை. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், எரிந்து போனவையும் ஏழைக் குடிசைகள்தான். அதைச் சொல்லாமல் அந்த வருஷங்களைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அவனுடைய அண்ணன்தான் எங்கள் பக்கத்தில் மரம் வெட்டியவர்களுக்கு முன்னால் நின்றவர். போலீஸ் தேடியது. அவர் மலைமேல், அவர்கள் வீட்டுக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவந்து போடும் ஒரு குடும்பத்தில் போய் ஒளிந்துகொண்டார். அந்தச் சமயம் பார்த்து அவர்கள் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்கு வண்டி போக வழியில்லை. வழியை அடைத்துக் கிடந்தது பெரிய மகன் வெட்டிய மரம். மாட்டு வண்டியில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் ஊரில் யார் செத்தாலும் உறவுக்காரர்களுக்குச் சாவு சொல்லப் போவது காலனி ஆள்தான். அப்பாதான் போவார். அன்றைக்கும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சுமை தூக்கிப் போய்ப் பழகியவர் என்பதால் மலைப்பாதை அவருக்குத் தெரியும். பெரியவர், அதாவது அவன் அண்ணன், ஒளிந்திருக்கும் வீட்டைச் சொல்லி, அவரைக் கையோடு கூட்டிவரச் சொன்னார்கள். வழியில் காட்டிலாகா செக்போஸ்ட்டில் ஒருவன் அப்பாவை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறான். சாவு சொல்லப் போகிறவன் கேட்டவனிடம் மறைக்கக் கூடாது என்பது அப்பாவின் பழக்கம். "சாவு சொல்லப் போறேங்க" என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறார். அவ்வளவுதான்.

தகப்பனுக்குத் தலைமகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மழை வேறு. மலை ஓடையில் வெள்ளம் வடிந்து, அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு வர மூன்றாம் நாள் காலை ஆகிவிட்டது. ஐஸ் கொண்டுவர வழியில்லாமல் வேப்பிலையைப் பரப்பி, சாம்பிராணி போட்டுச் சமாளித்தார்கள். மூன்று நாளும் பறை நிற்கவில்லை. சுடுகாட்டில் பெரியவர் தோளில் குடத்தோடு சுற்றி வரும்போது கரும்புக் கொல்லைக்குள்ளிருந்து போலீஸ் எழுந்து வந்தது. கொள்ளி வைக்க விட்டார்கள். வைத்த கையில் விலங்கு போட்டார்கள்.

ஜெயிலுக்குப் போய்த் திரும்பிய பெரியவரால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அடுத்த வருஷம் செத்துப் போனார். அதற்குள் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, ஆள்காட்டி என் அப்பாதான் என்று. நடவுக்குக் கூப்பிடவில்லை. கரும்பு வெட்டக் கூப்பிடவில்லை. பெரிய வீட்டுச் சாவுக்கு எங்கள் தெரு பறை போனபோது அப்பாவைச் சேர்த்துக்கொண்டு போக எங்கள் ஆட்களே பயந்தார்கள். எனக்கு ஆள்காட்டி மகன் என்று பெயர். அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தியாகதுருகம் வந்தோம், அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் கையை நிறுத்திக்கொண்டு கேட்பார்: "ஏண்டா, அந்த செக்போஸ்ட்டுக்காரன்கிட்ட யாரு சாவுன்னு நான் பேரு சொன்னனா? சொல்லி இருப்பனோ?" அந்த நேரத்தில் அவரைப் பார்க்கவே முடியாது. செய்யாத குற்றத்தைச் செய்திருப்போமோ என்று ஒரு மனுஷன் வாழ்நாள் முழுக்கத் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் அந்த அம்மா எங்களை ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தினார். சாதாரணமான செங்கல் வீடு, ஜன்னலில் பூந்தொட்டி. இந்த வீட்டு ஆள் உளவு பார்த்துவிட்டுத் தலைமறைவானான், யாருமே அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை, ஆனாலும் பிடிபட்டான், எப்படி என்று சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். நாவல் படித்த திமிரில் நான் வேலைக்காரி என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அவன் மகளுடைய கல்யாணத்தை வீட்டார் இரண்டு தடவை தள்ளிப் போட்டார்களாம். தள்ளிப் போடுகிறார்கள் என்றால் யாருக்கோ காத்திருக்கிறார்கள். போலீஸ்காரர்கள் போய் மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டார்கள். அவ்வளவுதான் என்று கையை விரித்தார். உண்மையில் நடந்ததோ, எங்களைப் போல வருகிறவர்களுக்காகக் கட்டிய கதையோ தெரியாது. பிறகு அவர் சொன்னார்: "யார் சொன்னது என்றுதான் எல்லாரும் தேடுவார்கள். பல நேரம் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்."

அவன் அதை எனக்குத் தமிழில் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று நாள் பறைச் சத்தம் என் காதில் கேட்டது. கச்சிராயபாளையம் வரைக்கும் கேட்டிருக்கும் அந்தச் சத்தம்.

"புரியுதாடா?" என்றேன்.

அவன் அந்த அம்மாவிடம் ஏதோ பேசி, கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லிவிட்டு, எதிரில் இருந்த டீக்கடைக்கு என்னை அழைத்துப் போனான். டீயைத் தொடவில்லை.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்றான். "சுடுகாட்டுலேருந்து வூட்டுக்கு வந்த ஒடனே சித்தப்பா கத்தினாரு. சின்னவன வச்சி கொள்ளி போட்டு முடிச்சிருக்கலாம், பொணத்த மூணு நாளு வச்சிக்கினு மேளம் அடிச்சா கண்ணு தெரியாதவனுக்குக் கூட தெரியாதா, பெரியவனுக்குத்தான் காத்துக்கினு இருக்கறோம்னு. அம்மாதான் பெரியவன் வந்தாத்தான் எடுக்கணும்னு புடிவாதமா இருந்தாங்க. அவரு அப்படிக் கேட்டதும் அம்மா நேரா கெணத்தாண்ட ஓடனாங்க. நாங்கதான் புடிச்சி இழுத்துக்கினு வந்தோம். அப்பால யாரும் அந்தப் பேச்ச எடுக்கல."

"எங்கப்பா பேர யாருடா சொன்னது?"

"யாரும் சொல்லல. மலைக்குப் போனது அவருதானேன்னு ஊருல பேசனாங்க. நாங்க இல்லன்னு சொல்லல." டீயைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மாவ உசுரோட வச்சிக்கணுமேடா" என்றான்.

"எங்கப்பாவ?"

அவன் அழுதான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கூடவே, கிணற்றை நோக்கி ஓடிய அவன் அம்மாவும் கண்முன் வந்தார். அவர் அந்தப் பிள்ளைக்காக என்னதான் செய்திருக்க மாட்டார். ஆனால் அதற்கான பழியைச் சுமக்க என் அப்பாதான் கிடைத்தாரா? நான் செய்தது ஒன்றுதான். போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, மனைவியிடம் அப்பாவைக் கூப்பிடச் சொல்லி, சத்தத்தைப் பெரிதாக்கி அவன் முன்னால் வைத்தேன்.

"எங்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் பெரிய வூட்டு சின்னவன் பேசறங்க" என்றான். "நீங்க யாரையும் காட்டிக் குடுக்கல. எங்களுக்கு அப்பவே தெரியுங்க. தப்பு எங்க வூட்டுதுதான். எங்கள மன்னிச்சிடுங்க."

அந்தப் பக்கம் அப்பா இருமினார். "சரிப்பா, சரிப்பா. போன எம்புள்ளகிட்ட குடு" என்றார்.

"சொல்லுப்பா" என்றேன். சத்தத்தைக் குறைக்க எனக்குத் தோன்றவில்லை.

"யாருடா அது?"

"அவந்தாம்பா. பெரிய வூட்டு சின்னவன்."

அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. "எங்கிட்டயே கத வுடற பாத்தியா. அந்த வூட்டு ஆளு எங்கிட்ட வந்து மன்னிப்பு கேப்பாங்களா? அப்பன் மனசு கஷ்டப்படுதேன்னு நீ யாரையோ புடிச்சி பேச வச்சிக்கினு இருக்கற."

"அம்மா மேல சத்தியமா அவந்தாம்பா."

"செத்தவ மேல சத்தியம் பண்ணாத." அவர் குரல் இறங்கிவிட்டது. குழந்தைக்குச் சமாதானம் சொல்வதுபோல் பேசினார். "வுடுடா. அவ்ளோ தூரம் போயி எனக்காவ இதெல்லாம் பண்ணிக்கினு இருக்காத. பொண்ண பாத்தமா, வந்தமான்னு வந்து சேரு."

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா அந்தப் பையன் நல்லா பேசனாண்டா" என்றார் அப்பா. "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."