ஒடுகத்தூரில் திறந்திருந்த கணக்கு

எங்கள் கடை கீழே ஒடுகத்தூரில். வீடு மேலே ஜவ்வாது மலையில். மலைக்காரர்களிடம் சாமையும் புளியும் வாங்குவது என் வேலை, கடையில் உட்கார்ந்து விற்பது வீட்டுக்காரர் வேலை. கணக்கு மட்டும் ஒன்றுதான். இணையம் வழியாக அந்த ஒரே கோப்பு இரண்டு கம்ப்யூட்டரிலும் இருக்கும். ஒருவர் திறந்திருக்கும்போது இன்னொருவர் தொட்டால், 'இந்தக் கோப்பு வேறொரு கம்ப்யூட்டரில் திறந்திருக்கிறது' என்று எச்சரிக்கை வந்து நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுதிக் குழப்பிவிடாமல் இருக்கப் போட்ட பூட்டு அது.

எனக்கு அது வேறொன்றுக்கும் உதவியது. சாயங்காலம் கோப்பைத் திறந்து பார்ப்பேன். எச்சரிக்கை வந்தால் மனிதர் இன்னும் கடையில். வராவிட்டால் கணக்கை மூடிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார், நான் களி கிண்டத் தொடங்கலாம். போனை நம்ப முடியாது. மலையேறும் பஸ்ஸிலும் சிக்னல் இல்லை, கடையின் பின்பக்க குடோனிலும் இல்லை.

அன்று எங்கள் முதல் கல்யாண நாள். "இன்னிக்குக் கடைசி பஸ்ஸ வுட்டீங்கன்னா தெரியும்" என்று காலையிலேயே மிரட்டி அனுப்பியிருந்தேன். பலாச்சுளை போட்டு, தேன் ஊற்றி, சாமைப் பாயசம் வைத்தேன். புதுப்புடவை கட்டிக்கொண்டு கோப்பைத் திறந்தால் எச்சரிக்கை. சரி, வியாபாரம் என்று விட்டேன். பூஜை விளக்கை ஏற்றிவிட்டு வந்து பார்த்தேன், எச்சரிக்கை. பஸ் கிளம்பும் நேரமும் தாண்டிப் போனது. அப்போதும் அதேதான். போன் போகவே இல்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அழுகையும் சேர்ந்து வந்தது. கட்டின பெண்டாட்டியைவிடக் கல்லாப்பெட்டி பெரிதாகிவிட்டதா? பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தேன். கம்ப்யூட்டரை இன்னொரு தரம் பார்த்தேன். அவர் பங்கையும் குடித்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

பாத்திரத்தை வழித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு நிற்கிறார்.

"நீங்க கடையிலதான இருக்கீங்க!" என்றேன்.

"இன்னாமே சொல்ற? இங்கதான நிக்கறேன்."

விசாரித்தால், மத்தியானமே ஒடுகத்தூரில் கரண்ட் போயிருக்கிறது. கோப்பை மூடுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அவர் சீக்கிரமே கடையைச் சாத்தி, பூ வாங்கி, கடைசி பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருக்கிறார். பூட்டு மட்டும் இணையத்தில் தங்கி, என்னிடம் பொய்சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"பாயசம் வாசன வருதே?" என்றார்.

"கடையில இருக்கறவரு மேல இருந்த கோவத்துல, வூட்டுக்கு வந்தவரு பங்க நானே குடிச்சிட்டேங்க."

அவர் சிரித்த சிரிப்பில் பூப்பொட்டலம் கீழே விழுந்தது. பாத்திரத்தை வாங்கி விரலால் வழித்து நக்கினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தனை சந்தோஷமாக இருந்தது எனக்கு.

இப்படித் தங்கிப்போன பூட்டை அழிப்பது எப்படி என்று மறுநாள் இருவரும் கற்றுக்கொண்டோம். அந்தப் பக்கம் நிஜமாகவே யாரும் கோப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அழிக்க வேண்டுமாம். நான் முதலில் வாசலை எட்டிப் பார்க்கிறேன்.