பட்டை காய்ந்திருந்தது

என் நாட்குறிப்பில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன. காலை முதல் கடும் வெயில். நான்கு மணிக்கு மேல் இடியுடன் மழை என்று எச்சரிக்கை. பன்னிரண்டுக்குக் கிளம்பி ஈப்போ திரும்பினேன். அடித்தல் திருத்தல் இல்லாத வரிகள். அன்றுதான் என் அண்ணியைக் கடைசியாகப் பார்த்தேன். அவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

ஈப்போவில் உள்ள என் வீட்டுக்குள் ஒருமுறை வெள்ளம் புகுந்த பிறகு, வானம் இருண்டாலே எனக்குப் பயம் வந்துவிடும். ஆற்றின் நீர்மட்டம், வெயிலின் அளவு, உலகம் சூடாகிவருவது பற்றிய செய்திகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் பார்த்து நாட்குறிப்பில் எழுதுவேன். எழுதினால் பயம் அடங்கும் என்று நம்பினேன். பக்கங்கள்தாம் நிறைந்தன.

அண்ணிக்கு என் வயதுதான். பீடோர் பக்கம், ரப்பரை அழித்துச் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப் பனைக்கு, மாறிவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் இருந்தார். ரப்பர் இருந்தவரை பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். மழைக்கு மறுநாள் விடியலில் பட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்களாம். ஈரமாக இருந்தால் பால் கீறலைத் தாண்டி வழிந்து வீணாகிவிடும். அன்று வெட்டு இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒற்றை ரப்பர் மரம் மட்டும் தப்பியிருந்தது. வேலை போன பிறகும் அவர் கை தினமும் அந்த மரத்துக்குப் போகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த மரத்தடியில் நான் கைப்பேசியை விடாமல் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

"என்னா, வானத்துக்கு கணக்கு எழுதுற கிராணி வேலை பாக்குறியா?" என் கையை இழுத்துப் பட்டையில் வைத்தார். "இப்ப ஈரமா, காஞ்சிருக்கா? அத மட்டும் சொல்லு."

"காஞ்சிதான் இருக்கு. ஆனா நாலு மணிக்கு..."

"நாலு மணிக்கு திரும்ப தொட்டுப் பாக்கலாம்லா. மீன் கறி கொதிக்குது, சாப்பிட்டுப் போ."

"உங்களுக்குப் பயமே இல்லையா அண்ணி?"

"இல்லாமயா? பயந்துக்கிட்டேதான் தொடுவோம்."

நான் சாப்பிடாமல் கிளம்பினேன். மறுநாள் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: நேற்று மழை பெய்யவில்லை. இரண்டு வாரத்தில் அண்ணி மாரடைப்பில் போய்விட்டார்.

வெயில் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. எச்சரிக்கைகளும் வருகின்றன, பயமும் வருகிறது. வரும்போது கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, வாசலில் உள்ள ரம்புத்தான் மரத்தில் கையை வைத்து நிற்கிறேன். சொரசொரப்பு, எறும்பு, கொஞ்சம் சூடு. மூச்சு மெல்லச் சீராகிறது. அண்ணி பக்கத்தில் இல்லை என்பதும் அப்போதுதான் நன்றாகத் தெரிகிறது.

எழுதி முடித்த பக்கத்தை நான் தொட்டதே இல்லை. இன்று அந்த ஞாயிற்றுக்கிழமையைத் திறந்து, மூன்று வரிகளுக்குக் கீழே எழுதினேன்: பட்டை காய்ந்திருந்தது. மீன் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி சிரித்தார்.