பதினொரு குளம்

எங்கள் மீன்குஞ்சுப் பண்ணையில் அவளுக்கு மைக்காரி என்று பெயர். ஜிலேபி மீனை மல்லாத்திப் பிடித்து, அடிவயிற்றில் நீல மை தடவிப் பார்ப்பாள். இரண்டு துளை தெரிந்தால் ஆண், மூன்று தெரிந்தால் பெண். வளர்ப்புக் குளத்துக்கு ஆணை மட்டும்தான் அனுப்புவோம். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் மீன் அவள் கையில் புரளும். எதிர் முக்காலியில் நான் ஆயிரத்தைத் தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப் போய்விடும்.

பெண் மீன் கலந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"ஒரு பொட்டை, வாய்க்குள்ளயே இருநூறு குஞ்ச வச்சுக் காப்பாத்தும். மாசம் ஒரு தடவை. அந்தக் குஞ்சுங்க நாலு மாசத்துல அதே வேலைய ஆரம்பிச்சுடும். நீங்க போடற தீனி அத்தன வாய்க்கும் பங்கு போகும். எதுவும் சாகாது, எதுவும் வளராது."

ஏழெட்டு மாதமாக அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை நடுவில் மீனும் கையுமாக எழுந்து ஜன்னலுக்கு ஓடுவாள். "வெளிச்சம் போதல" என்பாள். உச்சி வெயிலில் வெளிச்சம் போதவில்லையாம். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் வெளியே சொல்லி அவளை முக்காலியிலிருந்து எழுப்பிவிட்டால் அந்த இரண்டாயிரமும் என் தலையில் விழும். கண்டும் காணாமல் இருந்தேன். வெட்கக்கேடுதான்.

அவளுடைய தம்பி ஓட்டுநர் வேலையை விட்டுவிட்டுக் குளம் வெட்டியிருந்தான். அதில் விட்டது அவள் பிரித்துக் கொடுத்த மீன்தான். ஆறு மாதம் கழித்து வலை போட்டபோது நானும் முதலாளியும் கரையில் நின்றோம். வலை கனத்தது, தம்பிக்கு வாயெல்லாம் பல். இழுத்துப் போட்டால் முக்கால்வாசி விரல் நீளக் குஞ்சுகள். அரைக் கிலோ வர வேண்டிய மீன்கூட உள்ளங்கையைத் தாண்டவில்லை.

தண்ணீர் சரியில்லை, தீனி சரியில்லை என்று முதலாளி அடுக்கினார். தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"என் ராசி அவ்வளவுதான்க்கா. குளத்தக் காயப் போட்டுத் திரும்ப ஆரம்பிக்கறேன். அடுத்த தடவையும் நீயே பிரிச்சுக் குடு. வேற யார் கையும் வேணாம்."

அந்த வார்த்தையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"உன் ராசியில்லடா. எனக்குக் கண்ணு தெரியல. மை தடவினாலும் தெரியல. குத்துமதிப்பா போட்டுட்டேன்."

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு வலையைச் சுருட்ட ஆரம்பித்தான்.

முதலாளி அவளைத் தனியாக அழைத்துப் போனார். "நடந்தது நடந்துபோச்சு. உன்னத் தீனி போடற வேலைக்கு மாத்திடறேன். ஆனா இது மத்த குளத்துக்காரங்க காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்."

மூன்று நாள் தீனி வாளியோடு அலைந்தாள். தொட்டிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். நான்காம் நாள் வாளியை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இந்த எட்டு மாசத்துல மீன் எடுத்துட்டுப் போனவங்க யார் யாருன்னு பதிவேட்டப் பாத்து வாசி. என் கண்ணுக்கு எழுத்து தெரியல."

"வேலை போயிடும்க்கா."

"போகட்டும். இப்பவே விரால் குஞ்சு விட்டா அது சின்னதுங்களத் தின்னு குறைச்சிடும். நான் இங்க முழிச்சுக்கிட்டு நிக்க நிக்க அங்க பெருகிக்கிட்டேதான் இருக்கும்."

வாசித்தேன். தம்பியுடையதை விட்டுப் பதினொரு குளம். இரண்டு முறை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

மறுநாள் தம்பி வண்டியில் விரால் குஞ்சு டின்னைக் கட்டி வந்து வாசலில் நின்றான். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டிருந்தான். அவள் ஏறிப் போனாள். முதல் குளத்துக்காரர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினாராம். ஏசி முடிக்கும்வரை நின்றுவிட்டு, எத்தனை விரால் விட வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த குளத்துக்குக் கிளம்பினாளாம்.

மதியத்துக்குள் பண்ணைத் தொலைபேசி நாலு தடவை அலறியது. முதலாளி பதிவேட்டோடு என் முன்னால் வந்து நின்றார்.

"அவளுக்குத்தான் கண்ணு தெரியாதே. யார் படிச்சுச் சொன்னது?"

கையில் இருந்த மீனைத் தொட்டியில் விட்டேன்.

"நான்தான். அவ கண்ணு போனது எனக்கு அப்பவே தெரியும்."