யூலாவுக்கு வந்த கண்ணாடிச் சட்டம்

ஹோசியா கிராண்டிசன் எங்கள் மாநிலச் சட்டசபையில் முப்பத்திநாலு வருஷம் உறுப்பினர். அதில் இருபத்தொன்பது வருஷம் அவருக்கு டைப் அடித்துத் தேய்ந்தவள் நான், ஆர்லெத்தா.

நான் அதிகம் அடித்தது சாவுத் தீர்மானம்தான். எங்கள் கறுப்பர் தேவாலயங்களில் யாரை அடக்கம் செய்தாலும் சட்டசபையின் இரங்கல் தீர்மானத்தை வாசித்தாக வேண்டும். தங்க முத்திரை, கண்ணாடிச் சட்டம். அப்படிச் சட்டம் போட்ட காகிதம் வரவில்லையென்றால் குடும்பத்துக்கு முகம் சுண்டிப்போகும். ஒரு தீர்மானமும் தோற்றதில்லை. செத்தவர்களுக்கு எல்லாக் கட்சியும் கை தூக்கும்.

உயிரோடு இருப்பவர்களுக்குக் கேட்டதுதான் கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு ஒரு டயாலிசிஸ் நிலையம். பதினோரு வருஷமாக அதே மசோதா. சுகாதாரக் குழுத் தலைவர் வெண்டல் ஸ்ட்ரிக்லின் அதை விவாதத்துக்கே எடுக்கமாட்டார். கூட்டத்தொடர் முடிந்ததும் அது தானாகச் செத்துவிடும். மனுஷன் ஒரு தடவையாவது முடியாது என்று சொல்ல வேண்டுமே! தோளில் தட்டி, "பாக்கலாம் ஹோசியா, பாக்கலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

யூலா பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஹோசியாவின் முதல் தேர்தலில் வீடு வீடாக ஏறி இறங்கியவள். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு எழுபது மைல் போய் வந்தாள். பிப்ரவரியில் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியில் சரிந்தாள்.

"என்னப்பா ஹோசியா, எனக்கும் அந்தக் கண்ணாடி போட்ட காகிதந்தானா?"

"இந்த வருஷம் வந்துரும் யூலாக்கா. அடுத்த தேர்தல்ல நான் நிக்கல. இதாவது செஞ்சுட்டுத்தான் போவேன்."

"கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. நான் செத்தப்புறம் அந்தக் காகிதத்தத் தூக்கிட்டு வந்தியோ, பெட்டியிலேருந்து எந்திரிச்சுத் திட்டுவேன்."

சிரித்தோம். ஏப்ரலில் போய்விட்டாள். அவளுக்கான இரங்கல் தீர்மானம் ஒரே நிமிஷத்தில் நிறைவேறியது.

அடக்க ஆராதனைக்கு ஸ்ட்ரிக்லினும் வந்தார். பக்கத்துத் தொகுதிக்காரர், தேர்தல் வருஷம் வேறு. ஹோசியா எழுந்தார். கண்ணாடிச் சட்டத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோட்டுப் பையிலிருந்து எங்கள் மசோதாவை எடுத்து முழுக்க வாசித்தார். "சொல்லுங்க, சொல்லுங்க!" என்று தேவாலய ஜனம் கூடவே குரல் கொடுத்தது.

"ஆதரிக்கிறவங்க?"

"ஆம்!" கூரை அதிர்ந்தது. ஸ்ட்ரிக்லினும் சத்தமாகச் சொன்னார். நானே பார்த்தேன்.

"எதிர்க்கிறவங்க?"

யூலாவின் மகள் அழுதது மட்டும் கேட்டது. எனக்கு வயிறு குளிர்ந்தது. இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு இனி எப்படித் தட்டிக்கழிப்பார்?

திங்கட்கிழமை, சுகாதாரக் குழு இந்தத் தொடரில் விவாதத்துக்கு எடுக்கும் மசோதாக்களின் கடைசிப் பட்டியல் வந்தது. மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தேன். எங்கள் மசோதா இல்லை. பாவி மனுஷன்!

அன்று மதியமே ஹோசியாவின் முப்பத்திநாலு வருஷச் சேவையைப் பாராட்டிச் சட்டசபை ஒரு தீர்மானம் போட்டது. கொண்டுவந்தவர் ஸ்ட்ரிக்லின். எல்லாக் கட்சியும் கை தூக்கியது.

ஹோசியா அறைக்கு வந்தார். தங்க முத்திரை, கண்ணாடிச் சட்டம். என் மேசைமேல் வைத்துவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"ஆர்லெத்தா, நல்லாப் பாத்துச் சொல்லு. நான் செத்துட்டேனா?"